டீம்ல நான் ஒருத்தன்தான் கிறிஸ்டியன்: வசனம் ஸ்டேட்டஸ் வச்சா போதுமா, வாயைத் திறந்து சொல்லியே ஆகணுமா?

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். மத்தவங்களுக்கும் புரியட்டும்னு சுருக்கமா திருப்பிச் சொல்லிடுறேன். வயசு 27, ஓஎம்ஆர்ல ஐடி வேலை, ஒன்பது பேர் டீம்ல நீங்க மட்டும்தான் கிறிஸ்தவர். "நீ சுவிசேஷம் சொல்லாம விட்டா அவங்க இரத்தப்பழி உன் கையில"னு உங்க பாஸ்டர் பிரசங்கம் பண்ணதுல இருந்து மனசு நிம்மதியா இல்ல. தினமும் காலைல வசனம் ஸ்டேட்டஸ் போடுறீங்க, பக்கத்து சீட்டுக்காரர் உங்க ஸ்டேட்டஸை மியூட் பண்ணி வச்சிருக்கார்னு தற்செயலா தெரிஞ்சுபோச்சு. ஆயுத பூஜை அன்னைக்கு பொரிகடலை நீட்டினப்ப "இது படைச்சது, நாங்க தொடமாட்டோம்"னு சொல்லிட்டீங்க, அன்னைல இருந்து ரெண்டு பேர் சரியா பேசறதில்ல. தினசரி வாழ்க்கைல கிறிஸ்தவனா ஒரு நல்ல தாக்கத்தை உண்டாக்கறது எப்படி, பேசணுமா, வாழ்ந்து காட்டினா போதுமா, இதுதான் மேல தெரியற கேள்வி. ஆனா அதுக்கு அடியில இன்னொன்னு கிடக்கு. இந்த பயம் கடவுள்கிட்ட இருந்து வந்ததா, மேடையில இருந்து வந்ததானு கேக்குறீங்கன்னு நினைக்கிறேன். ரெண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லப் பாக்குறேன்.

என்னைப் பத்தி ரெண்டு வரி. 34 வருஷம் பேங்க் வேலை, கிளார்க்கா சேந்து மேனேஜரா ரிட்டயர் ஆனேன், பெரும்பாலும் தூத்துக்குடி மாவட்டத்துலயே. ஊர் சேகரத்துல (பல சபைகள் சேந்த சர்ச் வட்டாரம்) பல வருஷமா சம்பளமில்லாத பிரசங்கியார், ஐயர் (எங்க பக்கத்துல பாஸ்டரை அப்படித்தான் சொல்வோம்) வராத ஞாயித்துக்கிழமை ஆராதனை நடத்துறவன். இறையியல் தபால் வழியா படிச்சேன், கிரேக்கம் அகராதியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு தட்டுத்தடுமாறி வாசிக்கிற அளவுக்குத்தான். ஐடி ஆபீஸ் எனக்குப் பழக்கமில்ல, என் மக வீட்ல உக்காந்து ஹெட்செட்டோட மல்லுக்கட்டறதைப் பாத்த அனுபவம் மட்டும்தான். அதனால எது வேதத்துல தெளிவா இருக்கு, எது என் சொந்த அபிப்பிராயம்னு பிரிச்சே சொல்றேன்.

முதல்ல எல்லாரும் எடுக்கிற உப்பு வசனம், மத்தேயு 5:13. "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்." உப்பா ஆகுங்கன்னு கட்டளை இல்ல, இருக்கிறீர்கள்னு சொல்லுது. கிரேக்கத்துலயும் அப்படித்தான், அதுல சந்தேகமே வேண்டாம். அடுத்து வர்ற வெளிச்ச வசனமும் அதே மாதிரிதான். ஆக நீங்க போய் உண்டாக்க வேண்டிய பொருள் இல்ல அது, கெட்டுப் போகாம பாத்துக்க வேண்டியது. ஆனா உப்பு எதைக் குறிக்குது, ருசியையா, கெடாம காப்பாத்தறதையா, தாகம் உண்டாக்கறதையானு நம்ம பிரசங்கிமார் (நானும்தான்) ஏழெட்டு பாயிண்ட் பிழிஞ்சு எடுப்போமே, அதெல்லாம் ஊகம். வசனத்துல இருக்கறது சாரமத்துப் போனா வெளியில கொட்டி மிதிக்கத்தான் ஆகும்ங்கறது மட்டுமே. உப்பு எப்படி சாரமத்துப் போகும்? சவக்கடல் ஓரத்துல எடுத்த உப்புல ஜிப்சம் மாதிரி வேற தாதுவும் கலந்து கிடக்கும், ஈரம் பட்டு உப்பு மட்டும் கரைஞ்சு போயி வெள்ளையா ஒரு சக்கை மிஞ்சும், அதைச் சொல்றார்னு ஒரு விளக்கம் உண்டு. நடக்கவே நடக்காத ஒன்னை வேணும்னே சொல்லி உறைக்க வைக்கிறார்னு இன்னொரு விளக்கம். எனக்கு முதலாவது பிடிக்கும், காரணம் நான் உப்பளம் பாத்து வளந்தவன். எங்க பக்கத்துல கடல் தண்ணியோ போர் தண்ணியோ பாத்தி பாத்தியா மாத்தி வெயில்ல காய விடுவாங்க, அதுல ஜிப்சம் முன்னாடியே படிஞ்சிரும், உப்பு அதுக்கப்புறம்தான். ஜிப்சம் படிஞ்ச பாத்தியைத் தாண்டி தண்ணியை அடுத்த பாத்திக்குத் திருப்பத் தெரியணும். பாக்க ரெண்டும் வெள்ளை. நாக்குல வச்சாத்தான் வித்தியாசம் தெரியும். லோன் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போற இடத்துல உப்பளக்காரர் ஒருத்தர் ரெண்டையும் எடுத்து என் உள்ளங்கைல வச்சு, "சார் எது உப்பு சொல்லுங்க"ன்னார். தப்பா சொன்னேன்.

அடுத்து வெளிச்சம். 5:16ல "மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு" பிதாவை மகிமைப்படுத்தணும்னு இருக்கு. பக்கத்தைத் திருப்பினா 6:1ல மனுஷர் காணணும்னு தர்மம் செய்யாதீங்க, 6:3ல வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு இருக்கு. ஒரே பிரசங்கம், ஒரே மலை, அப்ப காட்டணுமா மறைக்கணுமா? இதுல நூத்தாண்டுக் கணக்கா தகராறு ஓடுது. நான் பல வருஷம் யோசிச்சு வந்து நின்ன இடம் என்னன்னா, நல்ல செயல் கண்ணுல படுறது ஒன்னு, கண்ணுல படணும்னே செய்யறது ஒன்னு. விளக்கை மரக்காலுக்கு (நெல் அளக்கிற பாத்திரம்) அடியில வைக்காதீங்கன்னா, ஒளிச்சு வைக்காதீங்கன்னு அர்த்தம், எடுத்துட்டு வந்து அடுத்தவன் மூஞ்சியில பிடிங்கன்னு அர்த்தம் ஆகாது. இது என் புரிதல், வேற மாதிரி சொல்ற நல்ல ஊழியக்காரங்களும் இருக்காங்க. இந்த அளவுகோல்ல வச்சு உங்க ஸ்டேட்டஸைப் பாத்தா, அது பாவமும் இல்ல, பெரிய சாட்சியும் இல்ல. போடணும்னு தோணினா போடுங்க. ஆனா போட்டதும் இன்னைய கடமை முடிஞ்சதுன்னு ஒரு நிம்மதி வருது பாருங்க, அந்த நிம்மதி மேலதான் எனக்கு சந்தேகம்.

இரத்தப்பழி விஷயம். அது எசேக்கியேல் 3:17, 18. பாபிலோனுக்கு சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு நடுவுல எசேக்கியேல்ங்கற ஒரு தீர்க்கதரிசியைக் கூப்பிட்டு, "உன்னை இஸ்ரவேல் வம்சத்தாருக்குக் காவலாளனாக வைத்தேன்"னு அவருக்குக் குடுத்த பொறுப்பு. இது உறுதி, நீங்களே திறந்து படிச்சுப் பாக்கலாம். அதை எல்லா விசுவாசிக்கும் அப்படியே மாட்டிவிடலாமாங்கறதுதான் கேள்வி. உங்க பாஸ்டருக்கு ஆதாரமே இல்லன்னு சொல்ல மாட்டேன், அப்போஸ்தலர் 20:26ல பவுலும் இதே மாதிரி வார்த்தையைத் தன்னைப் பத்திச் சொல்றார். ஆனா அவரும் அப்போஸ்தலர், மூணு வருஷம் ராப்பகலா எபேசுவுல அதையே வேலையா செஞ்சவர். டிக்கெட் க்ளோஸ் பண்ற வேலைக்கு சம்பளம் வாங்குற உங்களுக்கு அது நேரா பொருந்தும்னு எனக்குத் தோணல. அதே சிறைப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா ஒரு கடுதாசி எழுதினார், 29ஆம் அதிகாரம். அதுல வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, புள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கன்னு சொல்லிட்டு, நீங்க போய்ச் சேந்த "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்"னு இருக்கு. அதாவது உங்களைச் சிறைபிடிச்சவன் ஊருக்காக ஜெபம் பண்ணு, அந்த ஊர் நல்லா இருக்க உழைன்னு. ஊரை விட்டு மெட்ராஸ் வந்து பிஜியில தங்கி வேலை பாக்குற பையனுக்கு எசேக்கியேலை விட இந்தக் கடுதாசி கிட்டத்துல வருதுன்னு நான் சொல்வேன்.

அதுக்காக வாயே திறக்க வேண்டாம்னு சொல்றேனா? இல்ல. "எப்போதும் சுவிசேஷம் சொல்லு, தேவைப்பட்டா வார்த்தையைப் பயன்படுத்து"ன்னு அசிசியார் (புனித பிரான்சிஸ்) சொன்னதா ஒன்னு சுத்திட்டே இருக்கும், அது அவர் எழுத்துல எங்கயும் இல்ல, அந்த மனுஷன் தெருத்தெருவா போய் வாயாலதான் பிரசங்கம் பண்ணார். பேசறதுக்கு நேரம் உண்டு. 1 பேதுரு 3:15 அந்த நேரத்தைச் சொல்லிடுது: உங்க நம்பிக்கையைப் பத்தி "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்". ஒருத்தன் கேக்கணும். கேக்கற மாதிரி ஏதோ ஒன்னு உங்ககிட்ட அவன் கண்ணுல பட்டிருக்கணும். அப்ப ஊமை மாதிரி நிக்கக் கூடாது, எரிஞ்சும் விழக் கூடாது. இந்த வசனத்தை வச்சு "நல்ல வாழ்க்கை வாழ்ந்தா தானா வந்து கேப்பாங்க"ன்னு கேரண்டி குடுக்கறவங்களையும் நம்பாதீங்க. என் 34 வருஷத்துல அப்படி நேரா வந்து கேட்டவங்க மூணு பேர். மூணே பேர்.

சரி, கண்ணுல படுறதுன்னா எது படும்? இதுக்கு நான் அசிங்கப்பட்ட கதையைத்தான் சொல்லணும். அப்ப சின்ன ஊர் கிளை ஒன்னுல கவுண்டர்ல இருந்தேன். நவம்பர் மாசம், பென்ஷன்காரங்க உயிரோட இருக்கோம்னு சர்டிபிகேட் குடுக்க வர்ற மாசம், கூட்டம் வாசல் வரைக்கும் நிக்கும். முந்தின நாள் ஞாயிறு, அந்த ஊர் ஆலயத்துல நான்தான் பிரசங்கம், நல்ல சமாரியன், வழியில அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவின அந்நியன் கதை. திங்கக்கிழமை பதினொன்னரை மணிக்கு ஒரு குடும்ப பென்ஷன் பாட்டி, பாஸ்புக் மாத்திக் கொண்டாந்துட்டாங்க, ஃபார்ம்ல கையெழுத்து வேண்டிய இடத்துல கைநாட்டு, அதுவும் தப்பான கட்டத்துல. மூணாவது தடவையா வந்து நின்னப்ப கத்திட்டேன். என்ன கத்தினேன்னு இங்க எழுத மனசு வரல. பாட்டி ஒன்னும் சொல்லல, பேப்பரை மடிச்சு சுருக்குப் பைல வச்சிட்டு வெளிய போயிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எங்க அட்டெண்டர் அண்ணாச்சி டீ கொண்டாந்து வச்சார். வச்சிட்டு, "சார், நேத்து நீங்க பேசுனது எங்க தெரு வரைக்கும் மைக்ல கேட்டுச்சு. அந்த சமாரியன் கதை. நல்லா இருந்துச்சு"ன்னார். அவ்வளவுதான், கிளாஸை எடுத்துட்டுப் போயிட்டார். குத்திச் சொன்னாரா, நிஜமாவே பாராட்டினாரான்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல.

அன்னைக்கு சாப்பாட்டு நேரத்துல வெளிய போய்ப் பாத்தேன். பாட்டி பஸ் ஸ்டாப் வேப்ப மரத்தடியில உக்காந்திருந்தாங்க, ரெண்டு மணிக்குத்தான் பஸ். பக்கத்துல உக்காந்து தப்பு என் மேலதான்னு சொன்னேன், உள்ள கூட்டியாந்து புது ஃபார்ம் நானே எழுதி சரியான கட்டத்துல கைநாட்டு வாங்கினேன். "வெயிலுல்லா ராசா, எல்லாருக்கும் கோவம் வரும்"னு எனக்கே சமாதானம் சொல்லிட்டுப் போனாங்க. இதை நான் பெருமைக்குச் சொல்லல, கத்தினதே நான்தானே. சொல்ல வந்தது அட்டெண்டர் அண்ணாச்சி பத்தி. பத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சு அவர் வீட்ல அண்ணன் தம்பிகளுக்குள்ள பாகப் பிரிவினை தகராறு. அம்மா நகையைப் பங்கு வைக்கிற வரைக்கும் பொதுவான ஆள் ஒருத்தர்கிட்ட லாக்கர்ல இருக்கட்டும்னு பேச்சு வந்தப்ப, என் பேரைச் சொல்லியிருக்கார். ஏன் அண்ணாச்சி உங்க சொந்தத்துல ஆளே இல்லையான்னு கேட்டேன். "நீங்க தப்பு பண்ணா தப்புன்னு ஒத்துக்கிடுவீய சார், அது போதும்"னார். என்னோட எந்தப் பிரசங்கத்தையும் சொல்லல, நான் வருஷா வருஷம் குடுத்த காலண்டரையும் சொல்லல. அவர் சுடலைமாடனைக் கும்பிடுறவர், இன்னைக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு சீட்டு போட்டு வரி குடுக்கறவர், அதுல மாத்தமே இல்ல. கொடைக்கு என்னைக் கூப்பிடுவார், போய் அவர் வீட்ல சாப்பிட்டுட்டு வருவேன். இதை ஊழியத்துல தோல்வின்னு எழுதணுமா வெற்றின்னு எழுதணுமானு ஒரு கன்வென்ஷன்ல ஒருத்தர் கேட்டார். ரெஜிஸ்டரே வேண்டாம்னு சொன்னேன்.

தஞ்சாவூர் போனா சிவகங்கைப் பூங்கா பக்கத்துல இருக்கிற ஸ்வார்ட்ஸ் சர்ச்சுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. உள்ள சுவர்ல ஒரு வெள்ளைச் சலவைக்கல் சிற்பம், லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செஞ்சது. படுக்கைல சாகக் கிடக்கிற ஸ்வார்ட்ஸ் ஐயர் கையை இளவரசர் சரபோஜி பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். அதைச் செய்யச் சொல்லி காசு குடுத்தது சரபோஜியேதான். ஸ்வார்ட்ஸ் ஜெர்மன்காரர், 1750ல தரங்கம்பாடி வந்தவர், 1798ல தஞ்சாவூர்ல செத்தார், நடுவுல ஊருக்குத் திரும்பிப் போகவே இல்ல. சரபோஜியைத் தத்தெடுத்த துளஜா ராஜா தன் கடைசிக் காலத்துல புள்ளையைப் பாத்துக்கச் சொல்லி இவர்கிட்ட ஒப்படைச்சார். 1779ல இங்கிலீஷ்காரனை நம்பாத ஹைதர் அலி, தூது அனுப்பறதுன்னா அந்தக் கிறிஸ்தவனை அனுப்புங்க, அவர் என்னை ஏமாத்த மாட்டார்னு சொல்லி ஸ்வார்ட்ஸை சீரங்கப்பட்டணத்துக்கு வரவழைச்சார். ஹைதர் முஸ்லிம், சரபோஜி இந்து, ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்தாங்க. ஸ்வார்ட்ஸ் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரத்தோட ஒட்டி உறவாடினவர்ங்கற விமர்சனமும் நியாயமானதுதான், அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா ஒரு ராஜா, மதம் மாறாத ராஜா, ஒரு பாதிரியாருக்கு சலவைக்கல்லுல சிலை வைக்கறார்னா அந்த மனுஷனோட சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கணும்னு யோசிங்க.

அவர் முழுநேர மிஷனரி, நமக்கு ஒத்து வராதுன்னா, நம்மள மாதிரி சம்பளத்துக்கு வேலை பாத்தவர் ஒருத்தரைச் சொல்றேன். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, தமிழ்ல முதல் நாவல் எழுதினவர்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. கத்தோலிக்கர், கோர்ட்டுல உக்காந்து தீர்ப்பு சொல்ற வேலை. லஞ்சத்தை எதிர்த்துப் பாட்டே எழுதினவர், சாதாரண ஜனங்களுக்கும் புரியணும்னு கோர்ட் தீர்ப்புகளைத் தமிழ்ல குடுத்தவர். 1876ல இருந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம் வந்தப்ப, அவர் அப்ப ரிட்டயர்ட் ஆசாமி, கைல இருந்த காசைப் போட்டு கஞ்சித்தொட்டி நடத்தினார். அதைப் பாத்து அவர் மேல கீர்த்தனை பாடினது யாருன்னா, நந்தனார் சரித்திரம் பாடின கோபாலகிருஷ்ண பாரதியார், பழுத்த சிவபக்தர். சர்ச்சுக்காரங்க பாடியிருந்தா நான் இதை உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன்.

இதுல ஒரு ஜாக்கிரதை சொல்லணும், நான் செஞ்ச தப்பு. மேனேஜர் ஆனதும் என் மேஜைல வசனக் காலண்டர், பக்கத்துல சுவிசேஷக் கைப்பிரதி கட்டு. நகைக்கடனை மறுபடி திருப்பி வைக்க வந்த ஒருத்தர் அதுல ஒன்னை எடுத்து சத்தமா வாசிச்சுட்டு "ஆமென் சார்"னார். நெத்தியில திருநீறு. அவருக்கு அது பிடிச்சதுனாலயா சொன்னார்? கடன் வேணும், நான் கையெழுத்து போடணும். அன்னைக்கு சாயங்காலமே கட்டை எடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். அரசியல் சாசனம் 25ஆம் பிரிவு நம்பிக்கையைப் பரப்பவும் உரிமை குடுக்குது, பொது ஒழுங்குக்கு உட்பட்டு, அது சரிதான். ஆனா நம்ம கையெழுத்துக்காகக் காத்து நிக்கிறவன்கிட்ட அந்த உரிமையைக் காட்டறது வேற வகை. நாளைக்கு நீங்க டீம் லீட் ஆகி நாலு பேர் அப்ரைசல் உங்க கைல வந்ததுன்னா இதை ஞாபகம் வச்சுக்குங்க. உங்களுக்கு மேல இருக்கறவங்ககிட்ட நீங்க சாந்தமா இருக்கறதை யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க, எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்க. ஹவுஸ்கீப்பிங் அக்கா, செக்யூரிட்டி, புதுசா சேந்த பையன், இவங்ககிட்ட நீங்க எப்படின்னுதான் டீம் பாக்கும்.

வேலை. இதுல பெருசா சொல்ல ஒன்னுமில்ல, தானியேல் 6:4 படிங்க, எதிரிங்க தேடித் தேடிப் பாத்தும் அவர் உத்தியோகத்துல ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியல. ஆபீஸ் நேரத்துல ஜெபக்குழு வாட்ஸப்புக்குப் பதில் போட்டுட்டு இருந்தா அதைப் பக்கத்து சீட் பாத்துட்டுத்தான் இருக்கும்.

பொரிகடலைக்கு வருவோம். இதுல திருச்சபையே ஒரே மாதிரி பேசறது இல்ல, அதனால என் பதிலைக் கடைசி வார்த்தையா எடுத்துக்காதீங்க. 1 கொரிந்தியர் 8லயும் 10லயும் பவுல் நீளமா இதைத்தான் பேசறார். விக்கிரகம் ஒன்னுமில்ல, அதனால அந்த சாப்பாட்டுல ஒன்னும் ஏறிக்காதுன்னு ஒரு பக்கம். படையல் பந்தியில கலந்துக்காதேன்னு இன்னொரு பக்கம். ஒருத்தர் வீட்ல விருந்துக்குக் கூப்பிட்டா முன்னாடி வச்சதை விசாரிக்காம சாப்பிடு, ஆனா இது படைச்சதுன்னு யாராவது சொன்னா, சொன்னவரோட மனசாட்சியை முன்னிட்டு சாப்பிடாதேன்னு மூணாவதா. இதை வச்சு தின்னலாம்ங்கறவங்களும் உண்டு, கூடாதுங்கறவங்களும் உண்டு, எங்க குடும்பத்துலயே என் பொண்டாட்டி தொடமாட்டா, நான் வாங்கி சாப்பிடுவேன். ரோமர் 14:5 அவனவன் தன் மனசுல முழு நிச்சயத்தோட இருக்கட்டும்னு விட்டுடுது. அதனால நீங்க சாப்பிடாதது தப்பே இல்ல. சொன்ன விதம்தான் தப்பு. "நாங்க தொடமாட்டோம்"னா எதிர்ல இருக்கறவன் காதுல எப்படி விழும்? இந்த நாட்டுல தொடமாட்டோம்ங்கற வார்த்தைக்கு ஒரு நாத்தம் இருக்கு தம்பி. கையை நீட்டி வாங்கி, தேங்க்ஸ் சொல்லி மேஜைல வச்சிருக்கலாம். இல்லன்னா சிரிச்சுக்கிட்டே "எனக்கு பழக்கமில்லடா, வாழ்த்துக்கள்"னு முடிச்சிருக்கலாம். போனது போகட்டும். அந்த ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா போயி, அன்னைக்கு நான் பேசின விதம் சரியில்ல, மன்னிச்சிருங்கன்னு சொல்லுங்க. விளக்கவுரை, வேத ஆதாரம் ஒன்னும் வேண்டாம். அடுத்த வருஷம் பூஜைக்கு முந்தின நாள் மேஜை துடைக்க, தோரணம் கட்ட நீங்களும் நில்லுங்க, அன்னைக்கு ஆன்கால் டியூட்டி யாராவது எடுக்கணும்னா நான் எடுக்கறேன், நீங்க வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுங்க.

இன்னொன்னு, நீங்க கேக்காதது. உங்களுக்குப் பொண்ணு பாக்கறதா கேள்வில போகிற போக்குல எழுதியிருந்தீங்க. நம்ம பக்கத்து கிறிஸ்தவக் கல்யாணத்துல எத்தனை பவுன், ரொக்கம் எவ்வளவுனு பேசாம கல்யாண ஓலை எழுதறது எத்தனை வீட்லனு உங்களுக்கே தெரியும். வரதட்சணை தடைச் சட்டம் 1961லயே வந்துருச்சு, நம்ம ஆலயத்துல வாசிக்கிற விவாக அறிக்கைல அதுக்கு ஒரு வரி கிடையாது. ஜாதி பாத்துத்தான் பொண்ணு எடுக்கறோம், சில ஊர்ல செத்த பிறகு புதைக்கிற கல்லறைத் தோட்டத்துலயும் அதே கணக்கு, திருச்சபை நிர்வாக (டயோசீசன்) எலெக்‌ஷன் வந்தா கோர்ட்டு கேஸு. இதெல்லாம் வெளிய யாருக்கும் தெரியாதுன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். உங்க டீம்ல மத்த எட்டு பேரும் கல்யாணத்துக்கு வருவாங்க. எவ்வளவு வாங்கினே மச்சான்னு ஒருத்தன் கேப்பான், அது நிச்சயம். ஒன்னும் வாங்கலன்னு உண்மையா சொல்ல முடிஞ்சா, நீங்க வருஷம் பூரா வைக்கிற ஸ்டேட்டஸ் எல்லாத்தையும் விட அது பேசும். இதுக்கு உங்க அப்பா அம்மாகிட்ட சண்டை போட வேண்டி வரும், அந்த சண்டை எப்படி முடியும்னு நான் வாக்கு குடுக்க முடியாது. எனக்கு நடந்தப்ப ஜெயிக்கல, அம்பது பவுன் வாங்கித்தான் கட்டினேன், அந்த நகைல ஒரு பகுதி என் தங்கச்சிக்குப் போச்சு. இப்ப மேடையில இதைப் பத்திப் பேசும்போதெல்லாம் அதையும் சேத்துத்தான் சொல்றேன்.

கடைசியா உங்களை மியூட் பண்ணவர். உங்க கேள்வியோட கடைசி வரில, "அவங்க அப்பாவுக்கு டயாலிசிஸ் ஓடிட்டு இருக்கு, ஆறுதலா இருக்கட்டும்னுதான் அந்த வசனங்களைப் போட்டேன்"னு எழுதியிருக்கீங்க. தம்பி, மொத்தக் கேள்வியே அங்கதான் இருக்கு, நீங்க அதை வாலுல வச்சிருக்கீங்க. யாக்கோபு 2:15, 16 எடுத்துப் பாருங்க. துணியும் சாப்பாடும் இல்லாத சகோதரன்கிட்ட சமாதானத்தோட போ, குளிர்காய்ஞ்சு பசியாறுன்னு வாயால சொல்லி அனுப்பினா என்ன பிரயோஜனம்னு கேக்கறார். எங்க அண்ணனுக்கு ரெண்டரை வருஷம் ஓடுச்சு, அதனால சொல்றேன். வாரத்துக்கு ரெண்டு இல்ல மூணு நாள், ஒவ்வொரு தடவையும் மெஷின்ல நாலு மணி நேரம் பக்கம், போக வர ஆட்டோ, முடிஞ்சதும் ஆள் துவண்டு போயிருவார், கைத்தாங்கலா கூட்டி வர ஒருத்தர் வேணும். வீட்ல ஒரே பையன்னா அவன் லீவு எல்லாம் மூணு மாசத்துல காலி. அந்த நேரத்துல காலைல போனைத் திறந்தா கர்த்தர் உன் வியாதியை எடுத்துப் போடுவார்னு ஒரு படம் வந்து நின்னா, நானே மியூட் பண்ணியிருப்பேன், நான் பிரசங்கியார்.

அவர்கிட்ட போய் எந்தெந்தக் கிழமை டயாலிசிஸ்னு கேளுங்க. வசனம் வேண்டாம், ஜெபிக்கிறேன்னு இப்ப சொல்லவும் வேண்டாம், ரூம்ல போய் ஜெபிங்க, அது உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவுல. அந்தக் கிழமைகள்ல அவருக்கு மதிய ஷிஃப்ட் இருந்தா நீங்க மாத்திக்குங்க. மேனேஜர்கிட்ட நீங்களே பேசி ரோஸ்டரை சரி பண்ணுங்க. ஒரு சனிக்கிழமை அவரால முடியலன்னா நீங்க போயி அவங்க அப்பா பக்கத்துல அந்த நாலு மணி நேரம் உக்காருங்க. ஏசி குளிரும், போர்வை கொண்டு போகணும். தண்ணி அளவா குடுக்கணும், எவ்வளவுன்னு அங்க நர்ஸ்கிட்ட கேட்டுக்குங்க. பெரியவர் பேசினா கேளுங்க, பேசலன்னா கிரிக்கெட் ஸ்கோர் பாத்துச் சொல்லுங்க. எங்க அண்ணன் பக்கத்துல செவ்வாய்க்கிழமை தோறும் வந்து உக்காந்தவர் ஒரு முஸ்லிம் பாய், பக்கத்துக் கடைக்காரர். அவர் பேரைச் சொல்லித்தான் எங்க வீட்ல இப்பவும் ஜெபம் பண்றோம்.